அல்மோரா நினைவுகள்: பாங் விதைச் சட்னி

குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே, கசகசா, அது அபின் செடியின் விதை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர் "அதான் குருமா சாப்பிட்டா தூக்கமா வருதா?" என்று சிரிப்பார்கள். தூக்கம் வருவது கசகசாவால் அல்ல, மூன்றாவது பரோட்டாவால். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச் பக்கமும், ராஜஸ்தானில் சித்தோர்கர் பக்கமும் அரசாங்க உரிமம் பெற்ற விவசாயிகள் அந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். காயைக் கீறினால் வடியும் பால் அரசாங்கத்துக்குப் போகிறது. காய்ந்த காய்க்குள் இருக்கும் விதை மளிகைக் கடைக்கு வருகிறது. ஒரே காயில் பால் போதைப்பொருள், விதை மளிகைச் சாமான். நாம் இதைப் பற்றி யோசிப்பதே கிடையாது. துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும்போது மட்டும் யாராவது, "மசாலாப் பொட்டலத்துல கசகசா இருந்தா எடுத்துடுங்க, அங்க அதுக்குத் தடை" என்று எச்சரிப்பார்கள்.

ஆனால் இன்று எழுத வந்தது கசகசாவைப் பற்றி அல்ல. கஞ்சாச் செடியின் விதையைப் பற்றி. நமக்குக் கசகசா எப்படியோ, அப்படித்தான் இமயமலையில் குமாவோன் பகுதிக்காரர்களுக்கு அந்த விதை. அடுப்படியில் ஒரு டப்பாவில் இருக்கும். தினசரிச் சமையலில் போடுவார்கள். குழந்தைகளும் சாப்பிடும், கோயிலுக்குப் போகிற கிழவிகளும் சாப்பிடுவார்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வங்கி வேலையில் 1984 முதல் 1987 வரை அல்மோராவில் இருந்தேன். மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்போது உத்தராகண்ட் என்ற மாநிலமே கிடையாது. அல்மோரா உத்தரப் பிரதேசத்தின் ஒரு மலை மாவட்டம். காத்கோதாமோடு ரயில் தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு மேல் பஸ், வாந்தி, எலுமிச்சம்பழம். ஊரின் உச்சியில், சிலேட்டுக் கல் வேய்ந்த கூரை உள்ள ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதி எங்களுக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரப் பாட்டி. குமாவோனியில் பாட்டியை "ஆமா" என்பார்கள். முதல் வாரம் என் மனைவிக்கு ஒரே குழப்பம். "இந்தப் பிள்ளைங்க எதுக்கெடுத்தாலும் ஆமா ஆமாங்குதே, ஒண்ணுக்குமா இல்லைன்னு சொல்லத் தெரியாது?" என்று கேட்டாள். அப்புறம் நாங்களும் அவரை ஆமா என்றே கூப்பிட ஆரம்பித்தோம். எங்களுக்கு அவர் வைத்த பெயர் மத்ராஸி. திருநெல்வேலி என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன், பயனில்லை.

அந்த ஊர்ச் சாப்பாடு நமக்கு அந்நியமானது என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். போய்ப் பார்த்தால் மடுவா ரொட்டி என்பது கேழ்வரகு ரொட்டி. கஹத் பருப்பு என்பது நம் கொள்ளு. ஜங்கோரா என்பது குதிரைவாலி. கடேரி என்பது சேப்பங்கிழங்கு. பக்கத்துக் கட்வால் பகுதியில் கடுகுக்குப் பதிலாக ஜக்கியா என்று ஒன்றைத் தாளிப்பார்கள். அது நம் ஊர் வேலியோரம் மண்டிக்கிடக்கும் நாய்க்கடுகு! நாம் களையென்று பிடுங்கிப் போடுவதை அவர்கள் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அல்மோராவின் புகழ்பெற்ற பால் மிட்டாய் மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை உருண்டைகளுக்குள் இருந்ததுகூடக் கசகசாதான். ஆக, எங்களுக்குப் புதிதாக இருந்தது ஒரே ஒரு சாமான். சாம்பல் நிறத்தில், கொத்தமல்லி விதையைவிடச் சின்னதாக, ஒரு பக்கம் லேசாகக் கூர்ந்து, மேலே புள்ளியும் கோடுமாக இருந்தது.

அதை ஆமா இரும்பு வாணலியில் எண்ணெய் விடாமல் வறுப்பார். இரண்டு நிமிஷத்தில் படபடவென்று வெடிக்கும். எள் வறுபடும் வாசனையும் கடலை வறுபடும் வாசனையும் கலந்து வரும். ஆறியதும் அம்மியில் வைத்து உப்பு, பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம், கொத்தமல்லித் தழை, இருந்தால் புதினாவும் சேர்த்து அரைப்பார். அவர்கள் அம்மிக்குப் பெயர் சில்-பட்டா. கடைசியில் மலை எலுமிச்சை பிழிவார். அது நம் ஊர் நாரத்தங்காய் அளவுக்கு இருக்கும். விதையின் தோல் கடினமானது, நன்றாக அரைக்காவிட்டால் பல்லில் நறநறக்கும். அரைபட்டால் பாலாக இறங்கும். இந்தச் சட்னி இல்லாமல் ஆலு கே குட்கே சாப்பிடுவது அங்கே பாவம். அது வேறொன்றுமில்லை, மிளகாயும் சீரகமும் தாளித்த உருளைக்கிழங்குப் பொரியல்.

சட்னி மட்டுமல்ல. விதையை அரைத்துத் தண்ணீர் விட்டு வடிகட்டி, நாம் தேங்காய்ப்பால் எடுப்பதுபோல் எடுத்துச் சேப்பங்கிழங்கில் ஊற்றிக் கொதிக்கவைப்பார்கள். கீரையிலும் விடுவார்கள். தென்னை இல்லாத ஊரில் குழம்புக்குக் கெட்டியும் கொழுப்பும் வேறு எதிலிருந்து வரும் என்று யோசித்தால் காரணம் புரியும். முழு விதையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய். படிக்கட்டு வயலில் கேழ்வரகும் குதிரைவாலியும் விளைவித்துச் சாப்பிடும் குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

மார்கழி, தையில் இன்னொன்று செய்வார்கள். மதியம் வெயில் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் முற்றத்தில் கூடுவார்கள். பெரிய எலுமிச்சையைத் தோலுரித்துச் சுளையைப் பிய்த்து, முள்ளங்கி நறுக்கி, தயிர், வெல்லம், மிளகாய், வறுத்து அரைத்த இந்த விதை எல்லாம் போட்டுக் கையால் பிசைவார்கள். தூரத்தில் நந்தாதேவியும் திரிசூலும் வெள்ளையாகத் தெரியும். ஆளுக்கு ஒரு கிண்ணம். புளிப்பு, இனிப்பு, காரம், நடுவில் அந்த வறுத்த விதையின் ருசி. என் மனைவி இப்போதும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவாள்.

அவள் அந்த விதையின் பெயரைக் கேட்டது நாங்கள் போய் இரண்டு மாதம் ஆன பிறகு. "பாங்" என்றார் ஆமா. அன்று ராத்திரி என்னிடம், "என்னங்க, ரெண்டு மாசமா கஞ்சாவையா தின்னுட்டு இருக்கோம்? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றாள். அவள் அப்பா தலைமையாசிரியர், கதர் கட்டுபவர், காப்பிகூடக் குடிக்காதவர். மறுநாள் ஆமாவிடம் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்குக் கேள்வியே முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். விதை சோற்றுக்கு, நார் கயிற்றுக்கு, இலை ஹோலிக்கு, பிசின் உருப்படாதவனுக்கு என்று விரல் விட்டு எண்ணினார். ஒரு செடிக்கு நாலு கணக்கு.

அந்த நாலு கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போதை தரும் பொருள் பெண் செடியின் பூக்கதிரில் சுரக்கும் பிசினில் இருக்கிறது. அதன் முக்கியமான வேதிப்பொருளை இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் 1964இல்தான் பிரித்தெடுத்தார்கள். பூக்கதிரைக் காயவைத்தால் கஞ்சா. பிசினை மட்டும் எடுத்தால் சரஸ். இலையில் அது குறைவு, அரைத்துப் பாலில் கலந்தால் வட இந்தியாவில் பாங். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் காசியின் தண்டாயில் பாலும் பாதாமும், பழைய மாஜூன் இனிப்பில் நெய்யும். வேதியியல் படிக்காமலே அந்தக் காலச் சமையல்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். விதைக்குள் அந்தப் பொருள் கிடையாது. மேல் தோலில் பிசின் ஒட்டியிருந்தால் துளி இருக்கலாம், அவ்வளவுதான். அல்மோராவில் ஹோலியின்போது இலையைப் பக்கோடாவில் போடும் வீடுகளும் உண்டு. எங்கள் ஆமா வீட்டில் அது நடக்காது. ஹோலி என்றால் அங்கே ராகம் பாடி உட்கார்ந்து கொண்டாடும் பண்டிகை, பாடுகிறவன் சுருதி விலகிவிட்டால் பாட்டியின் முகம் மாறிவிடும்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் போதவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நமக்கு எல்லாமே கஞ்சா. பத்திரிகைகள் சில சமயம் "சணல் விதை" என்று எழுதுகின்றன. சணல் சாக்குக்கு ஆகும் வேறு செடி, சணப்பு பசுந்தாள் உரத்துக்கு ஆகும் இன்னொரு செடி. இரண்டுக்கும் இதற்கும் உறவில்லை. ஆகவே நான் பாங் விதை என்றே எழுதுகிறேன்.

இனி வரலாறு. 1815இல் கூர்க்காக்களிடமிருந்து குமாவோனைப் பிடித்த கம்பெனிக்காரர்களுக்கு அந்த மலையில் முதலில் கண்ணில் பட்ட விளைபொருள்களில் இதன் நாரும் ஒன்று. கப்பல் கயிற்றுக்கும் பாய்மரத் துணிக்கும் இதே செடியின் நாரை அவர்கள் ரஷ்யாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த காலம். விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து நார் வாங்கிப் பார்த்தார்கள். மலைமக்கள் அதே நாரில் பாங்கேலா என்ற முரட்டுத் துணியும் சாக்கும் நெய்து வந்தார்கள். எட்வின் அட்கின்சன் தொகுத்து 1882இல் முதல் பகுதி வெளியான இமாலய மாவட்டங்களின் கெசட்டியரில் இந்தச் செடிக்குப் பல பக்கங்கள் உண்டு. ஆண் செடியில் நார், பெண் செடியில் விதை என்று அந்த ஊர்ப் பெண்கள் சொல்வதெல்லாம் அன்றே பதிவான சங்கதிகள்.

ஆனால் இங்கே ஒரு ஜாதிக் கணக்கும் இருந்தது. கட்வாலில் மேல்ஜாதி எனப்பட்டவர்கள் இதைப் பயிரிடமாட்டார்கள், இதன் துணியை உடுத்தமாட்டார்கள். பயிரிடுவதும் நெய்வதும் தாழ்வாகக் கருதப்பட்டவர்களின் வேலை. விதையைச் சாப்பிடுவதில் மட்டும் அத்தனை கண்டிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ருசி என்று வந்துவிட்டால் ஆசாரம் கொஞ்சம் வழிவிடும். இது எல்லா ஊருக்கும் பொது. அந்த மலைகளில் ஒரு சாபமும் உண்டு: "உன் வீட்டில் பாங் முளைக்க." நம் ஊரில் "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பார்களே, அதே அர்த்தம். மனிதர்கள் இல்லாமல் இடிந்து கிடக்கும் வீட்டில்தான் இந்தச் செடி தானாக முளைத்து ஆளுயரம் வளரும். அடுப்படியில் வைத்துப் போற்றுகிற அதே செடிதான் வாயைத் திறந்து சபிக்கவும் உதவியது. ஆமா சண்டையில் இதைச் சொல்லி ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். தண்ணீர்க் குழாயடியில். சொல்லிவிட்டு அவரே காதைப் பிடித்துக்கொண்டார்.

1893 மார்ச்சில் லண்டன் மக்களவையில் வில்லியம் கெய்ன் என்ற மதுவிலக்கு ஆதரவாளரான உறுப்பினர், இந்தியாவில் கஞ்சாவால் மக்கள் பைத்தியமாகிறார்களாமே, விசாரித்தீர்களா என்று கேட்டார். அதன் விளைவாக ஒரு கமிஷன் வந்தது. மக்வொர்த் யங் என்பவர் தலைவர். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளிடம் விவரம் வாங்கினார்கள். 1894இல் வந்த அறிக்கை ஏழு பெரிய தொகுதிகள், மூவாயிரம் பக்கங்களுக்கு மேல். பணிஓய்வுக்குப் பிறகு எனக்கு நேரம் இருந்தது. இணையத்தில் முழுவதும் கிடைக்கிறது. முழுவதையும் படித்தேன் என்று சொல்லமாட்டேன், நிறையப் படித்தேன்.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது பைத்தியக்கார விடுதிப் பதிவேடுகளைப் பற்றிய பகுதி. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் படிவம் நிரப்பியவனுக்கு அது ஒரு துப்பறியும் கதை மாதிரி. தெருவில் சித்தம் கலங்கித் திரிகிறவனைப் போலீஸ் பிடித்து வரும். விடுதியில் சேர்க்கும் தாளில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விடக்கூடாது. கூட்டி வந்த கான்ஸ்டபிளுக்கு அந்த ஆள் யார் என்றே தெரியாது, சொந்தக்காரர்களும் இல்லை. என்ன எழுதுவது? கஞ்சா என்று எழுதிவிட்டால் மேலே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தக் கட்டங்களை வருஷக் கடைசியில் கூட்டினால் புள்ளிவிவரம் தயார். அதை லண்டனுக்கு அனுப்பினால் நாடாளுமன்றத்தில் கேள்வி தயார்.

கமிஷன் செய்த நல்ல காரியம், 1892ஆம் வருஷத்துச் சேர்க்கைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தோண்டியது. ஊருக்கே ஆள் அனுப்பி, குடும்பத்தை விசாரித்தது. அந்த வருஷம் மொத்தச் சேர்க்கை 1,344. அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகை என்று எழுதியிருந்தது. விசாரித்த பிறகு 98தான் நின்றது. அதிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன. மிதமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு அநேகமாகத் தீங்கில்லை, அளவு மீறுகிறவர்களுக்குத் தீங்கு உண்டு, முழுத்தடை தேவையில்லை, கட்டுப்பாடும் வரியும் போதும் என்று எழுதி முடித்தார்கள். வரி வருமானத்தின் மேல் அரசாங்கத்துக்கு இருந்த ஆசையையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் பாங் வேறு, கஞ்சா வேறு, சரஸ் வேறு என்று பிரித்துப் பிரித்துப் பேசுவதில் அந்த அறிக்கை எங்கள் ஆமாவுக்கு மிக அருகில் வருகிறது.

அந்தப் பிரிவினை பிற்பாடும் போகவில்லை. 1961இன் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் கஞ்சா என்பதற்குக் கொடுத்த வரையறையில் பூக்கதிர்தான் உண்டு. கதிரோடு சேராத இலையும் விதையும் கிடையாது. மருத்துவம் தவிர்த்த மற்றப் பயன்பாட்டை 25 வருஷத்தில் நிறுத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கெடு நெருங்கும்போது நம் நாட்டில் போதைப்பொருள் சட்டம் வந்தது. 1985 நவம்பர் 14 அன்று அமலானது. குழந்தைகள் தினம் என்பதால் தேதி மறக்காது. இந்தச் சட்டத்திலும் கஞ்சா என்றால் பூக்கதிர், விதையும் இலையும் நீங்கலாக. அதனால்தான் இன்றும் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் இருக்கின்றன.

சிக்கல் வேறோர் இடத்தில். விதை குற்றமில்லை, ஆனால் அனுமதியில்லாமல் செடியை வளர்ப்பது குற்றம். நாருக்கும் விதைக்கும் வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த அனுமதி எங்கே, யாரிடம், எந்தப் படிவத்தில் என்று மலையில் யாருக்கும் தெரியாது. சட்னி சாப்பிடலாம். சட்னிக்கு உரியது எங்கிருந்து வர வேண்டும் என்று சட்டம் நினைத்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குமாவோன் கிராமங்களில் அப்போது போலீஸ் கிடையாது. ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு: வருவாய்த் துறையின் பட்வாரியே போலீஸும். நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் கையில் விலங்கும் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆமாவுக்கு ஊருக்கு வெளியே நாலு மைல் தள்ளிப் பிறந்த கிராமத்தில் படிக்கட்டு வயல் உண்டு. தம்பி மனைவியும் இரண்டு மருமகள்களும் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் ஒருவர் ராணிகேத்தில் ராணுவத்தில், ஒருவர் டில்லியில் ஓட்டல் வேலையில். மணியார்டரில் ஓடும் குடும்பம், அந்த மலையில் பெரும்பாலான குடும்பங்கள் மாதிரி. 1986 ஐப்பசியில், விதை முற்றி அறுக்கிற சமயத்தில், பட்வாரி ஆளோடு வந்து வயலோரத்தில் நின்ற செடிகளை எல்லாம் வெட்டித் தீ வைத்துவிட்டுப் போனார். மேலிடத்து உத்தரவு, இத்தனை கிராமத்தில் அழித்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். பிசின் எடுத்து விற்கிறவர்கள் மேல் மலைகளில் இருந்தார்கள். அவர்களிடம் போவதைவிட இந்த வயலோரம் பக்கம்.

அந்த வீட்டுப் பெண்கள் எதிர்த்துப் பேசவில்லை. ஆமாதான் மறுநாள் நடந்தே போய் பட்வாரியின் வாசலில் உட்கார்ந்தார். எழுபது வயசு இருக்கும். வழக்கு போடு என்றாராம். விதை என் டப்பாவில் இருக்கிறது, என்னையும் எழுதிக்கொள் என்றாராம். பட்வாரியின் மனைவி டீ கொடுத்து அனுப்பிவைத்தாள். அந்த வீட்டு அடுப்படியிலும் அதே டப்பா இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் குளிர்காலம் ஆமா வீட்டில் சேப்பங்கிழங்கு வெறும் தண்ணீரில் வெந்தது. கடையில் விதை கிடைத்தது, விலை இரண்டு மடங்கு. இந்த விதையைக் காசு கொடுத்து வாங்குவதா என்ற அவமானம் அவருக்கு விலையைவிடப் பெரிது.

அந்த வருஷத்துக்குப் பிறகு என் மேஜைக்கும் ஒரு மாற்றம் வந்தது. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் எருமைக் கடன் கொடுக்கும் காலம் அது. விண்ணப்பத்தில் குடும்ப வருமானம், பயிர்கள் என்று கட்டங்கள் இருக்கும். முன்பெல்லாம் பெண்கள் மடுவா, ஜங்கோரா, கஹத், பட் என்ற கறுப்பு சோயா, பாங் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். விதையும் கயிறும் விற்று ஏதோ ஐம்பது நூறு வரும், அதையும் சொல்வார்கள். 1986க்குப் பிறகு பாங் என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது. சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தில் ஒரு மூச்சு எடுத்துத் தாண்டுவார்கள். நான் "இதர" என்று எழுதிக்கொள்வேன். விளைச்சல் அப்படியேதான் இருந்தது, வேலிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால். தாளில் இல்லை. இப்படித்தான் ஒரு பயிர் அரசாங்கக் கணக்கிலிருந்து மறைகிறது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்து, இங்கே இது பயிராவதற்கான தகவல் இல்லை என்று எழுதுவார்கள்.

2000 நவம்பரில் தனி மாநிலம் வந்தது. 2018இல் நாட்டிலேயே முதலாவதாக உத்தராகண்ட் தொழில்துறைப் பயன்பாட்டுக்கு இந்தச் செடியை வளர்க்க உரிமம் கொடுத்தது. போதைப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. மலையில் காலங்காலமாகத் தானாக முளைக்கும் செடி பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. ஆய்வகச் சான்று பெற்ற விதை வெளியிலிருந்து வர வேண்டும். உரிமக் கட்டணம், சோதனை, வேலி. நாலு மைல் தள்ளியிருக்கும் அந்த வயலோரத்துக்கு இது எட்டாத தூரம். உரிமம் கம்பெனிகளுக்குத்தான் தோதுப்படும். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் விதை மாவையும் உணவு என்று அறிவித்தது, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற அளவோடு. ஆமா இருந்திருந்தால் இப்போதுதான் தெரிந்ததாமா என்று கேட்டிருப்பார்.

அவர் 1994இல் போய்விட்டார். பேரன் ஹல்த்வானியில் இருக்கிறான், எங்களோடு தொடர்பு விடவில்லை. அல்மோரா வீடு வாடகையில் இருக்கிறது, பிழைத்துக்கொண்டது. ஆமா பிறந்த கிராமத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018இல் கொடுத்த அறிக்கையின்படி, 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்களும் குடியிருப்புகளும் ஆளில்லாமல் போயின. அந்தக் கிராமத்தில் மூன்று வீடுகளில் ஆள் இருக்கிறது. பேரன் போன வருஷம் போய் ஒரு படம் எடுத்து அனுப்பினான். கூரைக் கல் சரிந்திருந்தது. முற்றம் முழுக்க, கதவை மறைத்துக்கொண்டு, பாங். அவன் படத்தின் கீழே எதுவும் எழுதவில்லை. நானும் எதுவும் பதில் எழுதவில்லை. அந்தச் சாபம் எங்கள் இருவருக்குமே தெரியும்.

சென்னையில் இப்போது பெரிய கடைகளில் தோல் நீக்கிய பாங் விதை பொட்டலமாகக் கிடைக்கிறது. உடற்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் வாங்குகிறார்கள். விலையைப் பார்த்து என் மனைவி திரும்ப வைத்துவிட்டாள். அதைவிட முக்கியமான ஆட்சேபம், தோல் நீக்கியது வாணலியில் வெடிக்காது. வெடிக்காவிட்டால் வாசனை வராது என்பது அவள் கட்சி. பேரனிடம் முழு விதை கேட்டாள். கடையில் அரைக் கிலோ வாங்கிக் கூரியரில் போடப் போயிருக்கிறான். உள்ளே என்ன என்று கேட்டதற்கு "பாங் விதை" என்று உண்மையைச் சொன்னான். கவுண்டரில் இருந்தவர் பொட்டலத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அவரும் குமாவோனிதானாம், மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன இருந்ததோ. பையன் புத்திசாலி. மறுநாள் அதே விதையை, ஆங்கிலத்தில் "ஹெம்ப் சீட்ஸ்" என்று அச்சடித்து, உணவு உரிம எண்ணும் போட்ட ஒரு கம்பெனிப் பொட்டலமாக வாங்கி அனுப்பினான். அதே கவுண்டர், அதே ஆள். ரசீது போட்டுக் கொடுத்துவிட்டார். விலை மட்டும் மூன்று மடங்கு.

கஞ்சாவும் சரஸும் சட்டப்படி குற்றம், உடம்புக்கும் கேடு. நான் எழுதியது விதையைப் பற்றி மட்டும். யாரும் என் பெயரைச் சொல்லி வேறெதையும் தேடிப் போக வேண்டாம். உங்களில் யாராவது அல்மோரா பக்கம் போனால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தோல் நீக்காதது, அரைக் கிலோ போதும்.